சுற்றில் விடுபட்டவன்

1983-ஆம் ஆண்டு ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. பரானா ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் முடிதிருத்தகத்தில், மால்வினாஸ் தீவுகளில் போரிட்டுத் திரும்பிய ஓர் இளைஞனுக்கு, ஒரே குடுவையில் சுற்றிவரும் மாத்தே என்னும் இலைப்பானம் கொடுக்கப்படவில்லை. உடனிருந்த மற்ற மூவரும் குடித்தனர். குறை இதுதான். இதனை அற்பம் என்று கருதுபவர், மேலே படித்து முடிக்கும்வரை பொறுத்திருக்கட்டும்.

கடைக்காரர் கசிமிரோ வயேஹோஸுக்கு ஐம்பத்தெட்டு வயது; இளையவர்கள் அவரை மரியாதையாகத் 'தோன்' என்று அழைப்பார்கள். அச்சம் அவருக்குப் பிறவிக் குணமன்று. எதிரே அச்சகம் நடத்திய மனிதரை ஆறாண்டுகளுக்கு முன் இராணுவ ஆட்சியின் ஆட்கள் ஒரு பச்சைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போது கசிமிரோ கத்தி தீட்டிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. அன்று சாத்திய அச்சகக் கதவு இன்றுவரை திறக்கவில்லை.

சென்ற ஆண்டு போர் தொடங்கியபோது, சதுக்கத்தில் கொடியாட்டிய கூட்டத்தில் அவரும் நின்றார். புறப்பட்ட பையன்களுக்கெல்லாம் காசு வாங்காமல் முடிவெட்டி அனுப்பினார். எவுலோஹியோ சொதேலோவும் அவர்களுள் ஒருவன். திரைச்சீலைகளை இழுத்து மூடிய பேருந்தில் அவர்கள் தோற்றுத் திரும்பி வந்தபோது, அதே சதுக்கத்தில் ஒரு நாய்கூட இல்லை.

அந்த எவுலோஹியோதான் இப்போது இடக்காலை இழுத்தபடி, கையில் ஒரு தாளுடன் கடைக்குள் வந்தான்.

"தோன் கசிமிரோ, ஒரு கையெழுத்து வேணும். புகையிலைக் கிடங்குல வேலை தர்றாங்களாம். ஊர்க்காரங்க ரெண்டு பேரு கையெழுத்துப் போடணுமாம். சாமியார் போட்டுட்டாரு. பன்னெண்டு மணிக்குள்ள குடுக்கணும்."

"என்னன்னு போடணும்?"

"நான் பைத்தியம் இல்லைன்னு."

நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்த மருந்துக்கடை நிகனோர் சிரித்தார். "எனக்கும் அப்படி ஒண்ணு வாங்கிக் குடுடா. என் பொண்டாட்டி நம்பவே மாட்டேங்கறா."

எவுலோஹியோவும் சிரித்தான். சுவரோரம் அமர்ந்திருந்த ருஃபினோ சிரிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற காவலர். தலை முழு வழுக்கை. வெட்ட முடியில்லாதவர் முடிதிருத்தகத்துக்கு நாள்தோறும் ஏன் வருகிறார் என்று ஊரில் எவரும் கேட்டதில்லை.

"தீவைத் தொலைச்சிட்டு வந்த வீரரு, உக்காருங்க" என்றார் அவர். "அங்க நடந்ததை வெளிய சொல்ல மாட்டேன்னு பட்டாளத்துக்கு எழுதிக் குடுத்தியே தம்பி, ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"கால் விரல் எங்கன்னு யாராச்சும் கேட்டா?"

"தொலைச்சிட்டேன்னு சொல்லுவேன்."

அவ்விரல்களைப் பறித்தது எதிரியின் குண்டன்று. பசியில் ஓர் ஆட்டைத் திருடினான் என்று, சொந்த அதிகாரியே அவனைப் பனித்தரையில் முளையடித்துக் கட்டிப்போட்டார்; விரல்கள் குளிரில் உறைந்து அழுகின. ஊருக்கு இது தெரியும். ஊர் இதைப் பேசாது.

தண்ணீர் கொதித்தது. கசிமிரோ சுரைக்குடுவையில் இலையைக் குலுக்கிக் குழலைச் செருகினார். முதலில் நிரப்பியதைத் தாம் குடித்தார்; அடுத்தது நிகனோருக்கு; அதற்கடுத்தது ருஃபினோவுக்கு. நான்காவதை நிரப்பியபோது ருஃபினோ சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து முழங்கால்மேல் வைத்தார். எழுதவில்லை, பென்சிலை மட்டும் நாவில் நனைத்தார்.

"பாத்து நீட்டு, காசி. அந்த அச்சகக்காரனும் இப்படித்தான் எல்லாருக்கும் நீட்டினான்."

எவுலோஹியோவின் கை குடுவையை வாங்க ஏற்கெனவே நீண்டிருந்தது. கசிமிரோவின் கை திரும்பியது. குடுவை மறுபடியும் நிகனோரிடம் போயிற்று. நிகனோர் தரையைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

அந்த மாகாணத்தில், சுற்றில் உட்கார்ந்தவன் பகைவனே ஆனாலும் அவனுக்குக் குடுவை போக வேண்டும். போதும் என்பவன் குடுவையைத் திருப்பித் தரும்போது நன்றி சொல்வான். அதன்பிறகே அவனை விட்டுவிடுவார்கள்.

எவுலோஹியோ எழுந்தான். நீட்டிய கையால் தாளை மடித்துப் பையில் வைத்தான்.

"நன்றி, தோன் கசிமிரோ" என்றான், வயிறு நிறையக் குடித்தவனைப்போல. கதவை ஓசையின்றிச் சாத்திவிட்டுப் போனான்.

ஒரு வாயும் குடிக்காதவன், வேண்டாமென்று மறுத்தவன் தானே என்று காட்டி, கொடுக்காதவரின் மானத்தைக் காத்துவிட்டான். கசிமிரோ கெண்டியையும் குடுவையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"படியிறங்கினா நான் எழுத வேண்டியிருக்கும், காசி" என்றார் ருஃபினோ.

"எழுதுங்க. பேருதான் உங்களுக்குத் தெரியுமே."

எவுலோஹியோ அச்சகப் படியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேவாலய மூலையில் ஒரு பச்சைக் கார் நின்றது. கசிமிரோ அதைப் பார்த்தார், பார்க்காததுபோல் நடந்தார். ஊற்றும்போது தண்ணீர் தம் விரல்மீதே கொட்டியது.

"குடி."

"நான்தான் நன்றி சொல்லிட்டேனே, தோன். என் சுற்று முடிஞ்சு போச்சு."

"ஊத்தறவன் நான். முடிஞ்சுதா இல்லையான்னு நான் சொல்லணும்."

எவுலோஹியோ உறிஞ்சினான். "ஆறிப்போச்சு."

"குறை சொல்லாமக் குடிடா. அந்தத் தாளைக் குடு."

மூடிய அச்சகக் கதவின்மேல் தாளை வைத்து அவர் கையெழுத்திட்டார். கோணல் மாணலாக வந்தது, ஆனால் வந்துவிட்டது. மணி பதினொன்றரை. பச்சைக் காரின் இயந்திரம் உறுமத் தொடங்கியது.

எவுலோஹியோ குடுவையைத் திருப்பிக் கொடுத்தான். நன்றி சொல்லவில்லை. கசிமிரோ இன்னொரு முறை நிரப்பினார். கார் மெல்ல, மிக மெல்ல, அவர்களை நோக்கி உருண்டு வந்தது.

படிப்பவரே, அச்சதுக்கத்தைச் சுற்றி முப்பது சன்னல்கள் இருந்தன, எல்லாவற்றிலும் திரைகள் அசைந்தன, ஒன்றும் திறக்கவில்லை. உம் தெருவிலும் ஒரு படியில் அப்படி ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் கார் வந்து சேரும்முன் கதவைத் திறந்து வெளியே வாரும். அவன் பக்கத்தில் உட்காரும்.