வாசு ரிவர்ஸ் எடுத்த கதை

வாசுவைக் கெடுத்தது பிரிக்பீல்ட்ஸ் மக்களின் நல்ல மனசு. நம் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. ஒரு வண்டி பின்னால் நகர்வதைப் பார்த்துவிட்டால் போதும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வழிகாட்ட வந்துவிடுவார்கள். வண்டி யாருடையது, எங்கே போகிறது என்ற விசாரணையெல்லாம் கிடையாது. அதிலும் பொம்பா வண்டி, அதாவது தீயணைப்பு வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

அன்று ஒரு கடையில் அடுப்புத் தீயை அணைத்துவிட்டு, வாசு சந்திலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்தான். பூக்கடை அக்கா வலப்பக்கம் காட்டினார். சாப்பாட்டுக் கடைக்காரர் ரொட்டித் தட்டோடு வந்து இடப்பக்கம் காட்டினார். வெற்றிலை வாங்க வந்தவர் நடுவில் நின்று வரலாம், வரலாம், இன்னும் வரலாம் என்று இரண்டு கையாலும் அழைத்தார். வாசு யார் மனமும் நோகாமல் எல்லார் கையையும் பார்த்தான். வண்டி நேராகப் போய்க் கோயில் வளைவின் தூணில் முட்டி நின்றது. உடனே எல்லாரும் கையை இறக்கிவிட்டு, இந்த டிரைவருக்குக் கண் தெரியாதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவது தடவை இடித்தது இன்னும் கேவலம். இனி எவன் கையும் எனக்கு வேண்டாம் என்ற ரோஷத்தில், பின்னால் யாரையும் நிறுத்தாமல் ரிவர்ஸ் எடுத்து, தன் நிலையத்தின் கேட்டையே இடித்தான்.

நிலையத் தலைவர் யூனுஸ் கத்துகிற ஆள் இல்லை. கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, மூன்று மாதம் கெடு என்றார். அதற்குள் வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் வாசு டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி டெலிபோன் மேசைக்குப் போகவேண்டும். பின்னால் நகரும்போது ஒரே ஓர் ஆள் நிற்கவேண்டும், அவர் கையை மட்டும்தான் பார்க்கவேண்டும், அந்தக் கை கண்ணாடியில் மறைந்தால் பிரேக். இதைச் சொல்லி அனுப்பியதோடு சரி. ஆனால் அன்றிலிருந்து வாசு வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் யூனுஸ் கீழே நிற்காமல் மாடிக்குப் போய் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். கெடுவைக்கூட வாசு தாங்கிக்கொண்டான். அந்த மாடிப்படிச் சத்தத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அந்த சீட் போனால் வாசுவுக்கு உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அப்படிச் சொன்னால் மனைவி ஷாமினி சண்டைக்கு வருவாள், ஆனால் அவளுக்கும் அது தெரியும். சொந்தக் காரில் காக்கை எச்சம் ஒரு மாதம் காய்ந்து கிடக்கும். பொம்பா வண்டியைத் துடைப்பதற்கென்று வீட்டிலிருந்த நல்ல துணியெல்லாம் போய்ச் சேர்ந்தது. கல்யாணப் புடவையை மட்டும் அவள் பூட்டி வைத்திருந்தாள்.

மூன்று மாதமும் ரபீக் என்ற சக வீரன்தான் அவனுக்குக் கை. ஒரு கீறல் விழவில்லை. கடைசி நாள் மாலை மூன்றரைக்கு அழைப்பு வந்தது. கிள்ளானுக்குப் போகும் நெடுஞ்சாலையில், அவசரப் பாதையில் ஒரு கார் எரிகிறது.

போய்ச் சேர்ந்தபோது காரின் முன்பக்கம் கொழுந்துவிட்டு எரிந்தது. சொந்தக்காரர் எப்படியோ இறங்கித் தப்பித்து, ஒரு கால் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். காருக்கு முன்னால் அழகான காலி இடம் இருந்தது. அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் பொம்பா வண்டி மேல் ஈகூட உட்காராது. வாசுவின் மனம் அந்த இடத்துக்குப் போய் நிழலில் நின்றே விட்டது.

ஆனால் விதி அப்படி இல்லை. பெரிய வண்டி பின்னால் நிற்கவேண்டும், வருகிற வாகனங்களுக்குக் குறுக்கே, சாய்வாக, சுவர் மாதிரி. அதன் மறைவில்தான் ஆட்கள் வேலை செய்யவேண்டும். எவனாவது வந்து இடித்தால் வண்டியை இடிக்கட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். வாசு மூன்று மாதம் துடைத்த வண்டி. பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் காருக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தினான். முன்சக்கரங்களை ஆட்கள் இல்லாத பக்கமாகத் திருப்பினான், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தான், பின்னால் தூரம்வரை ஆரஞ்சுக் கூம்புகளை அடுக்கினான். பிறகு வண்டியின் பின்பக்கத்தை ஒரு தடவை கையால் தடவிக் கொடுத்தான். ரபீக் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான்.

பத்து நிமிடத்தில் தீ அடங்கியது. அதற்குப் பிறகுதான் அசல் தலைவலி ஆரம்பித்தது.

விபத்தான காரின் நம்பரில் அதிர்ஷ்டம் இருக்கிறது என்பது இந்த ஊரின் அசைக்கமுடியாத நம்பிக்கை. கார் எரிந்தால் இரட்டிப்பு அதிர்ஷ்டம். அந்த நாலு நம்பரை லாட்டரிக் கடையில் எழுதாமல் வீட்டுக்குப் போகிறவன் பிழைக்கத் தெரியாதவன். ஆகவே வந்த கார்கள் எல்லாம் ஆமையாக ஊர்ந்தன, கண்ணாடிகள் இறங்கின, தலைகள் வெளியே வந்தன. ஆனால் எரிந்த கார் தெரிந்தால்தானே? குறுக்கே வாசுவின் வண்டி நின்றது. சிலர் "பாஸ், நம்பர் என்னா லா?" என்று கெஞ்சிப் பார்த்தார்கள். பதில் வராததால், கிடைத்ததை விடுவானேன் என்று பொம்பா வண்டியின் நம்பரையே எழுதிக்கொண்டு போனார்கள்.

பவுனம்மாள் ஆன்டியும் அப்படித்தான் வந்தார். அறுபது வயது, சின்னக் கார், மூக்குக்கண்ணாடி கைப்பையில். பொம்பா வண்டியின் நம்பரில் இரண்டு எண் தெரிந்தது, மிச்சம் இரண்டு தெரியவில்லை. ஸ்டியரிங்கின் மேல் குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். கார் கூம்பு வரிசைக்குள் புகுந்தது, ஒரு கூம்பை அடியில் இழுத்துக்கொண்டது. பிரேக் என்று நினைத்து ஆன்டி மிதித்தது எண்ணெயை, அதாவது ஆக்சிலேட்டரை. பொம்பா வண்டியின் பின்பக்கத்தில், நம்பர் பலகையின் மேலேயே நேராகப் போய் மோதினார்.

சத்தம் பெரிதாக இல்லை.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். ஆன்டிக்கு ஓர் அடியும் இல்லை. பொம்பா வண்டியின் பம்பர் உள்ளே போயிருந்தது, நம்பர் பலகை பாதியாக உடைந்திருந்தது.

"தம்பி," என்றார் ஆன்டி, "கடைசி ரெண்டு நம்பர் என்னாப்பா?"

வாசுவுக்குக் கோபம்கூட வரவில்லை. சாலையோரம் உட்கார்ந்துவிட்டான். டெலிபோன் மேசையும் அதன் மேல் சுற்றும் பழைய காற்றாடியும் கண்முன் வந்தன.

யூனுஸ் அரை மணியில் வந்தார். போக்குவரத்துப் போலீசார் அதற்குள் பாதையை மறித்து, ஆன்டியின் காரை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். யூனுஸ் பம்பரைப் பார்த்தார். உடைந்த பலகையை எடுத்துப் பார்த்தார்.

"மோதினப்ப ரபீக் எங்க இருந்தான்?"

வாசு காட்டினான். எரிந்த காரின் பின்பக்கம், தரையில் மண்டியிட்டுக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த இடம். யூனுஸ் அங்கே போனார், ரபீக் மாதிரியே மண்டியிட்டு உட்கார்ந்தார், சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் வருகிற கார்கள் எதுவும் தெரியாது. சிவப்பாக வாசுவின் வண்டி மட்டும் தெரியும். அவர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு வந்தபோது வாசு சாவியை நீட்டினான்.

"நீயே வச்சுக்க," என்றார் யூனுஸ். "முன்னால கார் கிடக்கு. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துத்தான் திருப்பணும்."

வாசு ரபீக்கைத் தேடினான். ரபீக் தடுப்புக் கம்பியில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நடந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருந்தது.

"அவன் உக்காரட்டும். பின்னால நான் நிக்கிறேன்."

வாசு சக்கரக் கட்டையை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியில் யூனுஸ் தெரிந்தார், மாடியில் இல்லை, வண்டிக்குப் பின்னால், தார் ரோட்டில், வலது கையைத் தூக்கிக்கொண்டு. ஓரத்தில் பவுனம்மாள் ஆன்டியும் கைப்பையைத் தூக்கி, வா தம்பி, நெறைய எடம் இருக்கு என்றார். ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். கார்க்காரர் சப்பாத்தை ஆட்டினார்.

வாசு ஒரு கையை மட்டும் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நிரம்பி அதுவும் கலங்கலாகத்தான் தெரிந்தது. பிரேக்கை மிதித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகுதான் வண்டியை நகர்த்தினான்.