கழற்றிய மூடி

சோலையின் வலது கையில் மூன்று விரல்கள் போன மறுநாளே கம்பெனி ஆள் ஒருத்தன் ஆஸ்பத்திரிக்கு வந்து, ஒரு தாளில் அவனுடைய இடது பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். சோலை பத்தாவது வரை படித்தவன். கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் எழுதுகிற கை கட்டுக்குள் இருந்தது, தாள் இங்கிலீஷில் இருந்தது. நடந்ததைத்தான் எழுதியிருக்கிறோம் என்று சொன்னானாம்.

அந்தத் தாளின் நகல் நாலு நாள் கழித்துத்தான் தங்கை முனீஸ்வரியின் கைக்கு வந்தது. அவள் திருநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறாள். இரண்டாவது வரியைப் படித்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. 'அன்ட்ரெயின்ட் ஒர்க்கர்' ஆகிய நான், 'ரிமூவ்ட் கார்டு' உள்ள மெஷினில் கையை விட்டேன் என்று சோலையே சொல்வதுபோல் எழுதியிருந்தது.

சோலை அந்த ரப்பர் கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறான். இரண்டு உருளைகளுக்கு நடுவே ரப்பரை விட்டுத் தகடாக இழுக்கிற மெஷின். கை உள்ளே போகாமல் இருக்க முன்னால் ஒரு இரும்பு மூடி இருக்கும். அதைத்தான் கார்டு என்பார்கள். 'ரிமூவ்ட் கார்டு' என்றால் கழற்றிய மூடி.

தாள் கைக்கு வந்த அன்று காலைதான் முனீஸ்வரி அதே இலக்கணத்தை வகுப்பில் நடத்தியிருந்தாள். வினைச்சொல்லின் மூன்றாவது வடிவத்தைத் தூக்கிப் பெயருக்கு முன்னால் வைத்தால் அது அந்தப் பொருளின் குணம் மாதிரி ஆகிவிடும். ப்ரோக்கன் சேர், லாக்ட் டோர். யார் உடைத்தது, யார் பூட்டியது என்று சொல்லவே வேண்டாம், எம்புட்டு வசதி பாருங்க என்று பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். எட்டு வருஷமாக அப்படித்தான் சொல்லி வருகிறாள். அந்த வசதி யாருக்கு என்பது இப்போது புரிந்தபோது, தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மூடியைக் கழற்றியது யார் என்று அண்ணனிடம் கேட்டாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கழண்டு விழுந்திருக்கும், விடு என்றான்.

"தானாக் கழண்டதுக்கு இந்த வார்த்தை வராதுண்ணே. யாரோ கழட்டிருக்காக."

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனாள். மேனேஜர் நல்லகாமன் மரியாதையாக உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அவள் டீயைத் தொடவில்லை. தாளில் யார் மேலும் குற்றம் சொல்லவில்லையே, பொதுவாகத்தானே எழுதியிருக்கிறது என்றார் அவர்.

"அன்ட்ரெயின்ட்னா வேலை தெரியாதவன்னு நெனச்சு எழுதிட்டீங்க சார். வேலை பழக்கி விடப்படாதவன்னு அர்த்தம். பழக்கி விடவேண்டியது யாரு?"

நல்லகாமன் தாளை வாங்கி, அந்த வார்த்தையை அடித்துவிட்டு, மேலே 'கேர்லெஸ்', அதாவது கவனமில்லாதவன், என்று எழுதினார். இங்கிலீஷில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம், புதுசாக டைப் அடித்து இன்னொரு ரேகை வாங்கிக்கொள்வோம் என்றார். அவருடைய பிழையைத் திருத்திக் கொடுக்கத்தான் அவள் வந்திருக்கிறாள் என்பதுபோல.

முனீஸ்வரி எழுந்து, அவர் பேனாவுக்கு அடியிலிருந்தே தாளை உருவிக்கொண்டாள். அவர் கையால் அடித்தது அடித்தபடி இருக்க, நேராகத் தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசுக்குப் போய் மனுவோடு சேர்த்துக் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த அதிகாரி அம்மா, அடித்து எழுதியிருந்த இடத்தைக் காட்டி இது யார் எழுத்து என்று கேட்டார். கிளார்க் எழுதியிருப்பார் என்றார் நல்லகாமன். மூடியைக் கழற்றியது யார் என்று அதிகாரி சோலையைத் தமிழிலேயே கேட்டார்.

சோலை பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே கம்பெனி ஃபிட்டர் வீரணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். சோலை பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். முனீஸ்வரிக்கு அப்போதுதான் அண்ணன் இத்தனை நாளும் வாயைத் திறக்காததன் காரணம் தெரிந்தது. தெரிந்தும் கோபம் குறையவில்லை.

"சொல்லுண்ணே," என்றாள். "நீ வாயத் தொறக்கலைன்னா அந்தத் தாளுதான் பேசும்."

சோலை கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"கழட்டுனது வீரணன். பக்கத்துல நின்னு ஸ்பானர எடுத்துக் குடுத்தது நான். கழட்டச் சொன்னது மேனேஜரு. மூடி இருந்தாத் தகடு மெதுவா வருதுன்னாரு."

வீரணன் எழுந்து நின்று, ஆமாம், மூன்று மெஷினிலும் அப்படித்தான் கழற்றினோம் என்றான்.

மூடிகளைத் திரும்ப மாட்டும்வரை மெஷின்களை ஓட்டக்கூடாது என்று உத்தரவானது. ரேகை வைத்த தாள் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனி மேல் வழக்கு இன்னும் நடக்கிறது. அடுத்த வாரமே வீரணனை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். நல்லகாமன் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம் முனீஸ்வரிக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

வேலை போன பிறகு வீரணன் மூன்று வாரம் சோலை வீட்டுப் பக்கமே வரவில்லை. நாலாவது வாரம், வழக்கின் வாய்தா நாளன்று காலையில் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தான். சோலை போய்ப் பின்னால் ஏறிக்கொண்டான்.