டிரைவர் பார்க்காத இடம்

என் தம்பி வினோத்குமார் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தது நான் அடித்த ரிட்டன் சவாரிகளில். சென்னை ஏர்போர்ட்டில் ஆளை இறக்கிவிட்டுக் காலியாகப் புதுச்சேரிக்குத் திரும்புகிற டாக்ஸி டிரைவர், வழியில் கை காட்டுகிறவர்களை ஏற்றிக்கொள்வான். அந்தக் காசு அவனுக்கு. சட்டத்தில் கிடையாது, வழக்கத்தில் உண்டு. முதலாளிகளும் தெரியாத மாதிரி இருந்துகொண்டு, அதற்குத் தகுந்தபடி சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைத் திருடன் என்று நினைக்கக் கூடாது.

இரண்டாயிரத்து ஏழில், மூலக்குளத்து வாடகை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தம்பி ஒரு பெட்டி செய்தான். டிபன் பாக்ஸ் அளவுதான். காருக்குள் வைத்துவிட்டால், கார் எங்கே நிற்கிறது என்று செல்போனுக்கு மெசேஜ் அனுப்பும்.

"எதுக்குடா இது?"

"வண்டி திருடு போனா கண்டுபுடிக்கத்தான் அண்ணே. ஒன் மொதலாளிகிட்ட பேசிட்டேன். நல்லா வேல செஞ்சா எல்லா வண்டிக்கும் போடுறேங்கறாரு."

முதலாளி கிருஷ்ணசாமிக்கு உப்பளத்தில் டிராவல்ஸ். சோதனை பார்க்க நான் ஓட்டுகிற இண்டிகோ காரையே கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டாண்டில் எல்லா டிரைவரிடமும் தம்பி புராணம்தான்.

பெட்டியைவிட ஆண்டெனாதான் அவனைப் படுத்தியது. ஒன்று சாட்டிலைட்டைப் பிடிக்க வேண்டும், இன்னொன்று செல்போன் டவரை. தீப்பெட்டி மாதிரி சதுரம், குச்சி, ஒட்டுகிற பட்டை என்று பலதும் வாங்கிவந்து பாயில் பரப்பி வைத்திருந்தான். காந்தம் வைத்த ஒன்றைக் கூரைமேல் வைத்தபோது அருமையாக வேலை செய்தது. ஆனால் வெளியே தெரிந்தது.

"திருடன் கண்ல படக் கூடாது அண்ணே. ஒரு டிரைவர் எங்க பாக்கவே மாட்டான், சொல்லு?"

திருடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் டிரைவரைப் பற்றிக் கேட்டான். எனக்கு உறைக்கவில்லை. கேட்டதே போதும் என்று வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன். டாஷ்போர்டில் வைக்காதே, சாமி படம் இருக்கிற இடம், தினமும் துடைப்பான். சீட்டுக்கு அடியில் வைக்காதே, சில்லறை விழுந்தால் துழாவுவான். பின் கண்ணாடிக்குக் கீழே ஸ்பீக்கர் பலகை இருக்கிறதே, அங்கே பாசஞ்சர்தான் பையை வைப்பான், டிரைவர் திரும்பியும் பார்க்க மாட்டான். அந்தப் பலகைத் துணிக்கு அடியில் சாட்டிலைட்டைப் பிடிக்கிற சதுரத்தை வைத்தோம். கண்ணாடியில் இருந்த வெள்ளிப்பூச்சு ஃபிலிம் சிக்னலை மறைத்தது. பிளேடு எடுத்து நானே உரித்தேன்.

டவரைப் பிடிக்கிற குச்சி ஆண்டெனாவை அதன் பக்கத்திலேயே வைத்தான். பாட்டுப் போட்டால் ஸ்பீக்கர் 'டிர்ர் டிர்ர்' என்று இரைந்தது.

"இது ஆவாதுடா. இந்தச் சத்தத்த வச்சே எந்த டிரைவரும் மோப்பம் புடிச்சிடுவான்" என்றேன். பட்டை ஆண்டெனாவைப் பின் பம்பருக்குள் ஒட்டச் சொன்னதும் நான்தான். பம்பர் பிளாஸ்டிக், சிக்னலைத் தடுக்காது. எவனாவது வந்து இடித்தால் ஒழிய யாரும் கழற்றவும் மாட்டார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும். தவளைக்காவது மழையில் கத்த வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறது. எனக்கு என்ன வந்தது?

சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டதாகச் சொன்னான். நம்பினேன். அடுத்த மாதம் ஏர்போர்ட் சவாரி முடித்துத் திரும்பும்போது, திண்டிவனத்தில் ஒரு கல்யாணக் கும்பலை ஏற்றி மயிலம் கோயிலில் இறக்கினேன். மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டார்.

"மயிலத்துல ஒனக்கு என்னய்யா வேல?"

யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். வரைபடத்தில் என் வண்டி, மலை அடிவாரத்தில், சிவப்புப் புள்ளியாக நின்றது. கண்ணால் பார்த்த பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியாது என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தம்பியின் சட்டையைப் பிடித்தேன்.

"கழட்டிட்டேன்னியேடா?"

"சர்வீஸுக்கு விட்டப்ப எல்லா வண்டிலயும் போடச் சொன்னாரு. ஒன் வண்டிய மட்டும் எப்படிண்ணே விட முடியும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ ஸ்டாண்டு முழுக்கச் சொல்லுவ."

அது உண்மைதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். என் கடா எங்கே பாய வேண்டும் என்று என்னையே கேட்டுக்கொண்டு பாய்ந்தது.

ஸ்டாண்டில் யாரும் முகம் கொடுக்கவில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து எங்களை விற்றுவிட்டார்கள் என்று பேச்சு. கூடவே பத்து வருஷம் ஓட்டிய கொளஞ்சி, நான் போனபோது என் காலடியில் காறித் துப்பினான். நான் லோடு ஆட்டோ ஓட்டப் போய்விட்டேன். வீட்டில் தம்பியிடம் பேச்சை நிறுத்தினேன். என் மனைவி துர்கா மட்டும் அவனுக்குச் சோறு போட்டாள்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அவனாகப் பேசினான்.

"டிரைவருங்க கண்டுபுடிச்சிட்டாங்கண்ணே. பிஸ்கட் பாக்கெட் ஜிகினாத் தாள ஆண்டெனா மேல சுத்தி சிக்னல அடச்சிடுறாங்க. வேற எடம் வேணும். நீ வந்து காட்டுனா ஒன்ன திரும்ப வேலைக்கு எடுத்துக்கறேன்னு மொதலாளி சொல்றாரு."

துர்கா கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். வீட்டு வாடகை அவள் முகத்தில் எழுதியிருந்தது. பொய் சொல்லவில்லை, எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசைக்காக என்மேலேயே அருவருப்பு வந்தது.

"முடியாதுடா. நாளைக்குக் கொளஞ்சி மூஞ்சில நான் முழிக்கணும்."

தம்பி சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"அவரா? நீ மாட்டேன்னுட்டா அவரே வந்து காட்டுறதா நேத்து சாயந்தரம் மொதலாளிகிட்ட சொல்லிட்டுப் போயிருக்காருண்ணே."

துர்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. யார்மேல் வருவது?

"அந்தச் சான்ஸ அவனுக்கே குடு. மூணு பொட்டப் புள்ளைய வச்சிருக்கான்" என்றேன்.