மஞ்சள் செருப்புத் தடம்

எங்கள் டொரெஃபோஸ்காவில் ரோமானியர்கள் கட்டிய வட்டரங்கு பாதி நிற்கிறது. மீதிப் பாதி கல்கல்லாக எங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பேருந்தில் இறங்குவார்கள், படம் பிடிப்பார்கள், அடுத்த பேருந்தில் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஒரு காப்பிகூடக் குடிக்கமாட்டார்கள். இந்த அவமானத்தைத் துடைப்பதற்காகத்தான் நகரசபையில் பண்பாட்டைக் கவனித்துக்கொண்டிருந்த ஃபுல்வியோ 'சாப்பாட்டு நடை' என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார். பண்பாட்டுக்கு வருமுன் அவர் சோபா விற்றுக்கொண்டிருந்தார்.

திட்டம் எளிது. வழிகாட்டி கிடையாது. தெருவில் மஞ்சள் வண்ணத்தில் ரோமானியச் செருப்பின் தடத்தை வரைந்துவிடுவது. தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் எட்டுக் கடைகள் வரும். ஒவ்வொரு கடையிலும் ஒரு பதார்த்தம். அது ரோமானியர் காலத்துப் பதார்த்தம் என்று கடைக்காரர் முகம் மாறாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 'சீசரின் மேசை' என்ற சாப்பாட்டுக்கடை நடத்துகிற ரினால்டோ, தக்காளிக் குழம்பில் மிதந்த இறைச்சி உருண்டைகளைக் காட்டி, சீசர் போருக்குப் புறப்படுமுன் சாப்பிட்டது இதைத்தான் என்றான். தக்காளி எங்கள் நாட்டுக்கு வந்ததே சீசர் செத்து ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் என்று நான் சொன்னேன்.

"சீசர் மாதிரி ஆளுக்கு முன்னாடியே கிடைச்சிருக்கும் டாக்டரே" என்றான்.

நான் டாக்டர் இல்லை, மருந்துக்கடைக்காரன். என் கடை அந்த எட்டில் சேரவில்லை. ஆனால் நடையை முடித்தவர்கள் எல்லோரும் கடைசியில் என்னிடம்தான் வந்தார்கள். வயிற்றைத் தடவிக் காட்டினால் போதும், மொழி தேவைப்படவில்லை.

தடம் வரைந்த அன்று ரினால்டோவின் வாசலை அடைத்துக்கொண்டு அவன் மைத்துனனின் வேன் நின்றது. வண்ணம் அடிக்க வந்தவன் கூப்பிட்டுப் பார்த்தான். யாரும் வரவில்லை. காலியாக இருந்த பக்கத்து வாசலில் செருப்பை வரைந்துவிட்டுப் போய்விட்டான். அந்த வாசல் டொனாட்டோவுடையது.

டொனாட்டோ பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பயணிகளைத் திட்டித் திட்டிப் பழகிய தொண்டை, வீட்டில் திட்ட ஆள் போதாமல் சிரமப்பட்டுக்கொண்டிருந்தது. இருந்த ஒரே ஆள் மனைவி ஃபிலொமேனா. அவள் திருப்பித் திட்டுவாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் டொனாட்டோ பனியனோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் மிஞ்சிய ஸ்பகெட்டியை முட்டையில் புரட்டி, அடை மாதிரி கனமாகப் பொரித்து வைத்திருந்தாள் ஃபிலொமேனா. சாத்தாத கதவைத் தள்ளிக்கொண்டு ஆறு பேர் உள்ளே வந்தார்கள். எல்லோரும் நெடுநெடுவென்று உயரம், வெயிலில் சிவந்த மூக்கு. வணக்கம் சொன்னார்கள், சிரித்தார்கள், நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

டொனாட்டோ மனைவியைச் சமையல் மேடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏ, வர்றாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பனியனோட உக்காந்திருக்கேன்."

"நான் என்னத்தச் சொல்றது? உன் ஆளுங்கதானே?"

"என் ஆளுங்களா? எங்க வம்சத்துல இவ்வளவு உயரமா எவன் இருக்கான்? ஜெர்மனியில இருக்கிற உன் சித்தப்பன் பேரப்புள்ளைங்கதான் இதுங்க. மூக்கப் பாரு."

ஃபிலொமேனா மூக்குகளைப் பார்த்தாள். சித்தப்பாவின் மூக்கு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. சித்தப்பா குடும்பத்துக்கு ஒரு குறை வைத்தோம் என்று பெயர் வரக்கூடாதே என்று அடையைத் துண்டு போட்டாள். அவரைக்காயும் கீரையும் சுடவைத்தாள். டொனாட்டோ வீட்டில் இறக்கிய சிவப்பு ஒயினை எடுத்துவந்தார். அவர்களில் ஒருவன் ஒயினில் தண்ணீர் கலந்தபோது மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

"டேய், உங்க தாத்தன் இதப் பாத்தா செத்துருவான்டா! ஏற்கெனவே செத்துட்டான், இருந்தாலும் மறுபடியும் செத்துருவான்! குடிக்கத் தெரியலன்னா எதுக்குடா கிளாஸத் தொடுற?"

ஆறு பேரும் கைதட்டினார்கள். ஒருத்தி அதை இன்னொரு தடவை செய்யும்படி சைகை காட்டினாள், முதல் தடவை அவள் போனில் சரியாகப் பதிவாகவில்லை.

போகும்போது ஃபிலொமேனாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்கள். மேசைமேல் ஐம்பது யூரோ நோட்டு ஒன்று கிடந்தது. அதைப் பார்த்ததும் ஃபிலொமேனா அழுதுவிட்டாள். சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் காசு வைப்பார்களா என்று ஜெர்மனிக்குத் தொலைபேசியில் சண்டை போட்டாள். சித்தப்பாவின் மகளுக்கு ஒன்றுமே புரியவில்லை.

மறுநாள் காலையில் நான்தான் வாசலில் இருந்த தடத்தைக் காட்டினேன். டொனாட்டோ குனிந்து பார்த்தார். அழித்துவிடலாம் என்று துடைப்பத்தோடு வந்தார். அதற்குள் நான்கு பேர் போனை நீட்டியபடி தெருமுனை திரும்பி வந்துவிட்டார்கள்.

"கடை இல்லய்யா இது! வீடு! வீ...டு! போங்க!"

அவர்கள் மகிழ்ச்சியோடு உள்ளே போனார்கள். "ஆவேசமான வரவேற்பு, தவறவிடாதீர்கள்" என்று முதல் ஆறு பேரும் இணையத்தில் ஊருலகத்துக்கே எழுதிவைத்திருந்தார்கள். அடுத்த மாதத்துக்குள் டொனாட்டோவின் சமையலறை நடையின் சிறந்த நிறுத்தமாகிவிட்டது. காலையில் சவரம் செய்துகொண்டே திட்டுகளை ஒத்திகை பார்க்கும் அளவுக்கு அவர் போய்விட்டார். தண்ணீர் கலக்காதவர்களைக்கூடத் திட்டினார். ஃபிலொமேனா, "காலையில இருந்து ஒருத்தனும் அழல, உன் வாய்க்கு வயசாயிருச்சு" என்று சீண்டுவாள்.

ரினால்டோ நேராக நகரசபைக்குப் போனான். சீசரே சாப்பிட்ட உருண்டையில் ஈ மொய்க்கிறது, பக்கத்து வீட்டில் பழைய சோறு தின்னக் கூட்டம் அலைமோதுகிறது என்று கத்தினான். ஃபுல்வியோ தடத்தை அழிக்கத்தான் வந்தார். வாசலில் நின்ற வரிசையைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது.

"டொனாட்டோ அண்ணே, உங்க வீடு ரொம்பப் பழசோ?"

"எங்க தாத்தா கட்டினது."

"தாத்தாவுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன அப்ப வாடகைக்கா இருந்தேன்?"

"தெரியாதுல்ல? அப்ப எதுவா வேணாலும் இருந்திருக்கலாம்" என்றார் ஃபுல்வியோ. அந்த வாரமே வாசலில் பித்தளைப் பலகை ஏறியது: 'ரோமானியச் சத்திரம், இரண்டாம் நூற்றாண்டு.'

பலகையின் படம் நாளிதழில் வந்தது. அதைப் பார்த்துவிட்டு மாகாணத் தலைநகரிலிருந்து தொல்லியல் அதிகாரி லுடோவிக்கா வந்தார். ஒல்லியான பெண். குரல் உயரவே இல்லை. நிருபர்கள் சுற்றி நிற்க, ஃபுல்வியோவிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இது ரோமானியக் கட்டடமா இல்லையா? ரோமானியதுன்னா நாங்க தோண்டணும். இல்லன்னா நீங்க ஊர ஏமாத்தியிருக்கீங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

ஃபுல்வியோ கேமராக்களைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "ரோமானியதுதான்" என்றார்.

ஃபிலொமேனாவின் அடுப்பு தெருவுக்கு வந்தது. சமையலறைத் தரையைப் பெயர்த்தார்கள். கணவனும் மனைவியும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அடுப்பில்லாத ஓர் அறைக்குப் போனார்கள். சமைக்க வழியில்லாததால் அவர்களும் மஞ்சள் தடத்தைப் பிடித்துக்கொண்டு கடை கடையாகச் சாப்பிட வேண்டியதாயிற்று. பிறந்ததிலிருந்து பக்கத்திலேயே இருந்தும் அந்தக் கடைகள் எதிலும் அவர்கள் கை நனைத்ததில்லை. ரினால்டோவின் உருண்டையை டொனாட்டோ கடித்தார், மென்றார், விழுங்கினார்.

"எப்படிண்ணே இருக்கு?" என்றான் ரினால்டோ.

"சீசர் எதுக்குப் போருக்குப் போனான்னு இப்பத்தான்டா புரியுது."

பின்னால் வந்த சுற்றுலாக்காரர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டு கைதட்டினார்கள். அவருக்கு ஏனோ அன்று சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். திரும்பும் வழியில் என் கடைக்கு வந்தார். அவருக்கு வயிறும் சரியாக இல்லை.

இலையுதிர் காலத்தில் தோண்டல் முடிந்தது. சத்திரம் கிடைக்கவில்லை. சுவரோரமாக நீண்ட கல் பெஞ்சு ஒன்று கிடைத்தது. அதில் வரிசையாக வட்ட ஓட்டைகள். கீழே ஓடிய கால்வாய். லுடோவிக்கா முதல் முறையாகக் குரலை உயர்த்தினார்.

"பொதுக் கழிப்பிடம்! ஒரு கல்லுகூட உடையல! இந்த மாகாணத்துலேயே இப்படி ஒண்ணு கிடையாது!"

ஃபுல்வியோ என் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். என்ன வேண்டும் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். எங்கள் பகுதியின் சிறந்த மதிய உணவு எதன்மேல் பரிமாறப்பட்டது என்று நாளிதழ்கள் எல்லாம் எழுதின. ரினால்டோ தெருவில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொல்லிச் சிரித்தான். கால்வாய் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று லுடோவிக்கா அளந்து பார்க்கும்வரை சிரித்தான். அது 'சீசரின் மேசை'க்கு அடியில் நேராகப் போய், அங்கேதான் அகலமாகிறது. அடுத்த வாரம் அவன் அடுப்பும் தெருவுக்கு வந்தது.

வசந்தத்தில் வீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். தரையில் கனமான கண்ணாடி பதித்திருந்தார்கள். கண்ணாடிக்குக் கீழே கல் பெஞ்சு. ஃபிலொமேனா அதன்மேல் பெரிய கம்பளத்தை விரித்து மேசையைப் போட்டாள். நகரசபை தடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டது. ஃபுல்வியோ பண்பாட்டிலிருந்து வடிகால் பொறுப்புக்கு மாற்றப்பட்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்கு மருந்து கொடுக்கப் போனேன். இரண்டு தட்டு. நடுவில் எட்டுப் பேருக்குப் போதுமான அடை. டொனாட்டோ நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிம்மதியா இருக்கு" என்றார் என்னிடம்.

"நிம்மதி முகத்துல வழியுது" என்றாள் ஃபிலொமேனா. "ஆறிப்போவுது, எவனையாவது போய்க் கூட்டிட்டு வாய்யா."

அதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்து போனார். தெருமுனையில் ஒரு ஆணும் பெண்ணும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வழி தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அங்க என்னத்தடா நோண்டுற? மணி என்ன ஆச்சு? சாப்பாட்டு நேரத்துல தெருவுல நிக்கிறதுதான் உங்க ஊரு வழக்கமா?"

அவர்கள் பயந்துபோய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டொனாட்டோ இரண்டு பேரின் பையையும் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்தார். பையை விட முடியாமல் அவர்களும் பின்னாலேயே ஓடினார்கள்.