எட்டாவது பெருக்கல்

சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தாள் கலிஸ்ரா. அப்பாவோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்த தங்கராசா, மரண அறிவித்தலுக்குப் பிள்ளைகளின் பெயர் கேட்டு, கொப்பியும் பேனையுமாக வந்து நின்றார்.

“வின்சனை என்னெண்டு போட, பிள்ளை? முன்னுக்குக் ‘காலஞ்சென்ற’ வருமோ?”

கால்மாட்டில் இருந்த அம்மா யூலிற்றா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். கலிஸ்ரா பொத்தானிலேயே விரலை வைத்திருந்தாள். அப்படி எழுதினால், பதினேழு வருடத்துக்கு முன்னர் அவள் மணலில் போட்ட கணக்கு மெய்யாகிவிடும்.

அப்பா மரியநேசனுக்கு ஓர் எண்ணில் தனிப் பிரியம். 142857. எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போன மனிதர், தன் வலை மிதப்புகளில் எல்லாம் அதையே எழுதுவார். இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. ஆறுவரைக்கும் பெருக்கிப் பாருங்கள், அதே ஆறு இலக்கங்கள்தான் இடம் மாறி நிற்கும். புதிதாக ஒன்று வராது, இருந்தது ஒன்றும் போகாது.

தாய், தகப்பன், நாலு பிள்ளைகள் என்று அவர்களும் ஆறு பேர். யுத்தத்தின் கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்து இறங்கிய இடமெல்லாம் அப்பா நிலத்தில் ஈர்க்கால், எத்தனையாவது இடமோ அத்தனையால் பெருக்கிக் காட்டினார். உடையார்கட்டு மூன்றாவது இடம். “இடந்தான் மாறும். ஆள் குறையாது” என்பார்.

ஏழாவது இடம் கடற்கரை மணல். அங்கே பன்னிரண்டு வயதுக் கலிஸ்ரா தானாகவே ஏழால் பெருக்கிப் பார்த்தாள். 999999. அந்த ஆறில் ஒன்றைக்கூடக் காணவில்லை. அப்பா ஓடிவந்து காலால் அழித்தார். அன்று பின்னேரம் குடிதண்ணீர் எடுக்கப் போன மூத்தவன் வின்சன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்த எண்ணைப் பெருக்கவில்லை.

தங்கராசா பேனையை மூடினார். சும்மா நிற்க ஏலாத மனிதர். வேலியோரம் குவிந்திருந்த மிதப்புகளில் ஒன்றை எடுத்துவந்து காட்டினார். போன மாதம் அப்பா எழுதிய புது மிதப்புகளாம். கண் தெரியாமல் ஓரிலக்கம் கூட்டி எழுதிவிட்டார் என்று கரையில் வாடிக் கொட்டிலில் எல்லோரும் சிரித்தார்களாம்.

“நான் கேட்டனான், பிள்ளை. ‘எட்டாலை பெருக்கிப் போட்டிருக்கிறன், உனக்கு விளங்காது’ எண்டார்.”

1142856.

கலிஸ்ரா விரலால் தடவினாள். முன்னால் ஒன்று தனியே நின்றது. அதைப் பிரித்தெடுத்து, பின்னால் நின்ற 142856 உடன் மனதுக்குள் கூட்டினாள். நம்பாமல் இன்னொருக்கால் கூட்டினாள்.

142857.

“அப்பான்ர கணக்கிலை ஆள் குறையேல்லை, மாமா. முதல் பேர் வின்சன்ர. முன்னுக்கு ஒண்டும் போடாதேங்கோ.”

தங்கராசா எழுதினார். அம்மா மிதப்பைக் கைநீட்டி வாங்கி மடியில் வைத்தாள். முன்னால் நின்ற அந்த ஒன்றில் மணல் ஒட்டியிருந்தது. சேலைத் தலைப்பால் அதை மெல்லத் துடைக்கத் தொடங்கினாள்.