எல்லா ஆடியும் தலை ஆடி

ஆடி பிறந்தால் என் கதாநாயகிகள் தாய்வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்களை எழுதியவன் நான் என்பதால் பவானியில் இருக்கும் என் வீடுதான் அவர்களுக்குத் தாய்வீடு. ஊரில் மற்றப் பெண்கள் கல்யாணமான முதல் வருஷம், தலை ஆடிக்கு மட்டும்தான் வருவார்கள். என் பெண்கள் ஒவ்வொரு வருஷமும் வருகிறார்கள். நான் எழுதுவது காதல் நாவல்கள். அவை தாலி கட்டியதும் முடிந்துவிடும். அதனால் அவர்களுக்கு எல்லா ஆடியும் தலை ஆடிதான்.

சீர் கொண்டுபோய் அழைத்துவர எனக்கு ஆள் கிடையாது. இந்த வருஷமும் மருமகன்களே பஸ் நிலையம் வரை கொண்டுவந்து விட்டார்கள். எல்லோரும் உயரம். எல்லோருக்கும் கூர்மையான மூக்கு. "நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை?" என்று பொதுவாகக் கேட்டு வைத்தேன். அத்தனை பேரும் ஒன்றாகத் தலையசைத்தார்கள்.

வீடு நிறைந்துவிட்டது. சுகந்தவல்லி கொலுசு போடுவதில்லை, ஆனால் அவள் நடந்தால் கொலுசு கேட்கும். பிரியம்வதா படியிறங்கும்போதெல்லாம் தடுக்கி விழுவாள். தாங்கிப் பிடிக்க ஒருவன் வருவான் என்று நான் எழுதியிருக்கிறேன். ஆடியில் அவன் வரக்கூடாது என்பதால் கடைசிப் படிக்குக் கீழே மெத்தை போட்டுவைத்தேன். ஆடி முதல் நாள் வழக்கப்படி மாலையில் எல்லோரும் வாசலில் தீ மூட்டி, வெல்லமும் பொட்டுக்கடலையும் அடைத்த தேங்காயைக் குச்சியில் செருகிச் சுட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நித்திலா மட்டும் மாடியிலிருந்து இறங்கவில்லை.

அவள் இந்த வருஷத்து நாவலின் பெண். ஆவணியில் புத்தகம் வரும் என்று பதிப்பாளர் அறிவித்துவிட்டார். கடைசி அத்தியாயத்தில் குகன் கையில் தாலியோடு மணவறையில் உட்கார்ந்திருக்கிறான். கெட்டிமேளம் முழங்குகிறது. அந்த இடத்தில் நித்திலா எழுந்து என் மாடியறைக்கு வந்துவிட்டதால், ஆனி மாதக் கடைசியில் ஒரு கமா போட்டு நிறுத்தினேன். நாதஸ்வரக்காரர் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறார். ஆடியில் தாலி கட்டக்கூடாது. ஆவணி முதல் முகூர்த்தத்திலும் அவள் போகாவிட்டால் நாவல் முடியாது. முடியாத நாவலின் பெண் முடியாமலேயே இருந்துவிடுவாள். அப்படிப்பட்ட பெண்கள் சில எழுத்தாளர்கள் வீட்டு மாடியில் நரைத்துப்போய் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மேலே போனேன்.

"இறங்கி வா கண்ணு. அந்தப் பையன் கையைத் தூக்கினபடியே உக்காந்திருக்கான்."

"வர்றேனுங்கப்பா. தாலி கட்டுன மறுநாள் காத்தால என்ன நடக்கும்னு மட்டும் சொல்லுங்க."

"மறுநாளா?"

"அக்காங்க எல்லாரையும் கேட்டுட்டேன். ஒருத்தருக்கும் தெரியலீங்க."

எனக்கும் தெரியாது. ஐம்பத்து நான்கு வயதில் நான் தனிக்கட்டை. காதலைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் என்னையே கேட்டுக்கொள்வது உண்டு. பதில் வருவதற்குள் முகம் கழுவிவிடுவேன். நித்திலா முகம் கழுவ விடுகிறவளாக இல்லை.

சாயந்திரங்களில் பக்கத்து வீட்டுச் சென்னியப்பனோடு கேரம் ஆடுவது என் ஒரே பொழுதுபோக்கு. அன்று காயை அடுக்கும்போதே கேட்டுவிட்டேன்.

"சென்னியப்பா, உன் கல்யாணத்துக்கு மறுநாள் காத்தால என்ன நடந்துச்சு?"

அவன் ஸ்ட்ரைக்கரை உருட்டியபடி யோசித்தான். "பல்லு வெளக்குனேன்."

"என்னோட பிரஷ்ஷுல," என்று சமையலறையிலிருந்து அவன் மனைவி ருக்மணியின் குரல் வந்தது.

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு."

"பச்சையும் செவப்பும் தெரியாத மனுசனுக்குத்தான் கழுத்த நீட்டியிருக்கறேன் பாருங்கண்ணா."

ருக்மணி டீ கொண்டுவந்தாள். அவன் டம்ளரில் மட்டும் சர்க்கரை இல்லை. அவன் அதில் பாதியை, குறைவாக இருந்த அவள் டம்ளரில் ஊற்றினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மெத்தையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மாடிக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.

"மறுநாள் காலை குகன் நித்திலாவின் பிரஷ்ஷை எடுத்துப் பல் விளக்கினான்."

கொலுசு நின்றது.

"அப்பறங்கப்பா?"

"ஈரத்துண்டைக் கதவின் மேல் போட்டான்."

"நெசமாவா?" பிரியம்வதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை வியர்த்திருந்தது.

"அடுத்த வாரம் சந்தைக்குப் போய் வெண்டைக்காய் வாங்கிவந்தான். எல்லாம் முற்றல்."

"ஒடிச்சுப் பாத்து வாங்க மாட்டாருங்களா?"

"மாட்டான்."

அவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். வாழ்நாளில் எந்த முத்தத்தையும் நான் இவ்வளவு வேகமாக எழுதியதில்லை. பேனா நிற்கவில்லை. ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி குறட்டை வேண்டும் என்றாள். ஒருத்தி சாவியைத் தொலைக்கிற கணவனைக் கேட்டாள்.

"எனக்கு வழுக்கை வேணுங்கப்பா," என்றாள் சுகந்தவல்லி.

"உனக்கு எதுக்கு கண்ணு வழுக்கை?"

"அவருக்குங்கப்பா. ஒரேயடியா வேண்டாம். கொஞ்சங்கொஞ்சமா நான் பாத்துட்டிருக்கையில விழட்டும்."

எல்லாவற்றையும் எழுதினேன். பதிப்பாளர் போனில் கூப்பிட்டார். வெண்டைக்காய் அத்தியாயத்தைப் படித்த அச்சகத்துக்காரர் மேலே என்ன ஆயிற்று என்று தெரியாமல் மெஷினை ஓட்ட மறுக்கிறாராம்.

ஆடி முடிவதற்குள் மாடிப்படியில் நித்திலா தெரிந்தாள். கழுத்தில் மாலை இருந்தது.

"எப்பவும் முத்தலாத்தான் வாங்குவாருங்களா?"

யோசித்தேன். பொய் சொல்லக்கூடாது என்று தோன்றியது. "எப்பவாவது ஒருநாள் பிஞ்சா வாங்கிட்டு வருவான். அன்னிக்கு நீ கவனிக்க மாட்டே."

அவள் மாலையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு மணவறைக்குப் போனாள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கமாவுக்குப் பின்னால் தாலி கட்டப்பட்டது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். மற்றப் பெண்களும் அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள்.

அதன்பிறகு அவர்களுக்கு நாட்கள் நகர்ந்தன. பங்குனியில் நித்திலாவுக்கு வளைகாப்பு போட்டு அழைத்துவந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ருக்மணி கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள்.

வைகாசியில் ஒரு காலை ருக்மணி குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். சுகப்பிரசவம். துப்பறியும் நாவல். கெட்டி அட்டை, நல்ல எடை.

"மொதப் பக்கத்துலயே பொணம் கெடக்குதுங்கண்ணா," என்றாள். "யாரு ஜாடைன்னே தெரியலை."

"தாத்தனக் கொண்டிருக்குது," என்றான் சென்னியப்பன். "ராத்திரியெல்லாம் முழிச்சுட்டு யோசிக்கற மூஞ்சி."

ருக்மணி சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினாள். யார் முதலில் நாக்கில் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் குழந்தைக்கு வரும் என்பார்கள். வேறு யாராவது வைக்கட்டுமே என்று தயங்கினேன். நித்திலா கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலை நனைத்து முதல் வரியில் தொட்டு வைத்தேன். சப்புக்கொட்டியது.