காசிலிங்கத்தின் அளத்தில் மெழுகு விளைந்த வருடம்

சென்ற பங்குனியில் மரக்காணம் காசிலிங்கத்தின் உப்பளத்தில், இருபது பாத்திகளிலும் உப்புக்குப் பதிலாக மஞ்சள் மெழுகு விளைந்தது. பக்கத்து அளங்களில் அதே தண்ணீர், அதே வெயில், உப்பு வெள்ளை வெளேரென்று இறங்கியது. வியாபாரி வந்து பார்த்து, மெழுகுக்கு விலை கிடையாது என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

பொன்னிக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. பதினாறு வருடம் அந்த அளத்தில் உப்பு வாரியவள் அவள். நாலு வருடமாக இருமல், மூச்சு விட்டால் விசில், குரலும் கரகரத்துவிட்டது. உப்புத்தண்ணீரில் நிற்கிற உடம்பை எந்த நோயும் அண்டாது, அப்படியும் இருமினால் அது டிபிதான் என்பது அளத்து ஆட்களின் தீர்மானம். சளியில் கிருமி இல்லை என்று மூன்று முறை ரிப்போர்ட் வந்தும், ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் டிபி மாத்திரை விழுங்கவைத்தார்கள். காசிலிங்கம் வரப்பில் நின்று ஊரே கேட்கக் கத்தினார்.

“தண்ணிக் குடத்தத் தொடாத. டிபிக்காரிய வச்சிக்கிட்டு நான் தொழில் பண்ண முடியாது. நாளையிலேர்ந்து வராத.”

அதற்குப் பிறகு பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது. கூட உப்பு வாரிய மேரிசெல்வியே தெருவில் கண்டால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நோயைவிட இதுதான் பொன்னியை அரித்தது. செத்தாலும் அந்தப் பெயரோடு சாகக்கூடாது, பெயர் வைத்தவன் வாயாலேயே அதை எடுக்கவைக்க வேண்டும் என்று வைராக்கியம் கொண்டாள். அடுத்த பருவத்தில்தான் மெழுகு விளைந்தது.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் நிவேதா குழாய் விட்டுப் பார்த்தபோது, பொன்னியின் மூச்சுக்குழாய்ச் சுவரெல்லாம் மஞ்சளாகப் படிந்திருந்தது. துளி கிள்ளியெடுத்து, சிவப்புச் சாயம் ஏற்றி, அதற்கென்று உள்ள வெளிச்சத்தில் வைத்ததும் பச்சையாக மின்னியது.

“டிபி இல்லம்மா. இதுக்குப் பேரு அமிலாய்டு, ரொம்ப அபூர்வம். ஒரு புரதம் தப்பா மடிஞ்சி அங்கயே படிஞ்சிருக்குது. யாருக்கும் ஒட்டாது. லேசர் வச்சி கொஞ்சம் கொஞ்சமா எடுத்துடலாம்.”

பொன்னி பையிலிருந்து காசிலிங்கத்தின் அளத்து மெழுகை எடுத்து நீட்டினாள். சாயம் ஏற்றியதும் அதுவும் பச்சையாகவே மின்னியது. டாக்டர் அதையும் ஃபைலில் குறித்துக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

பாத்தி மெழுகும் பொன்னியின் மூச்சுக்குழாயில் படிந்ததும் ஒன்றுதான் என்ற பேச்சு அளம்வரை போனது. வைகாசியில் காசிலிங்கமே அவள் வாசலுக்கு வந்தார்.

“நான் என்னா பண்ணணும், சொல்லு பொன்னி.”

“ஒவ்வொரு பாத்திலயும் நின்னு, பொன்னிக்கு டிபி இல்ல, அமிலாய்டு, யாருக்கும் ஒட்டாதுன்னு சொல்லுங்க. அன்னிக்கு கத்துனீங்களே, அதே சத்தத்துல.”

மறுநாள் ஆட்கள் எல்லோரும் கூடி நிற்க அவர் கத்தினார். ஒவ்வொரு முறையும் பொன்னி, “கேக்கலைங்க” என்றாள். மூன்றாவது நான்காவது தடவையில்தான் தலையாட்டுவாள். அவள் தலையாட்டியதும் அந்தப் பாத்தி மெழுகு கரைந்து உப்பு இறங்கியது. பத்தொன்பது பாத்தி தாண்டியதும் அவர் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. மேரிசெல்வி குடத்தைச் சாய்த்துக் கொடுக்க, பொன்னி வயிறு முட்டக் குடித்தாள்.

கடைசிப் பாத்தியில் இன்றும் மெழுகுதான். ஆட்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய் வேலை பார்க்கிறார்கள். மூன்று லேசருக்குப் பிறகு பொன்னிக்கு விசில் நின்றுவிட்டது. காசிலிங்கத்துக்குக் குரல் திரும்பவில்லை, இருமல் வேறு. அவருக்கு டிபி என்று ஊர் பேசுகிறது. அது கத்திக் கத்திக் கிழிந்த தொண்டை என்று பொன்னிக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் யாராவது கேட்டால், “இருந்தாலும் இருக்கும்ங்க” என்கிறாள்.